டெல்சி இழுத்த கறுப்பு ஒயர்

குளச்சலில் காலை ஏலம் முடிந்ததும் மீன் எடுத்தவர்கள் பைக்கின் பின்சீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பறப்பார்கள். கருங்கல், புதுக்கடை, குழித்துறை என்று ஆளுக்கொரு வழி. பெட்டி பெரியது. கம்பெனியில் வைத்த பின்விளக்கையும் இண்டிகேட்டரையும் அது முழுசாக மறைத்துவிடும். பின்னால் வருகிறவனுக்கு ஒரு நீலப் பெட்டி மட்டும்தான் தெரியும். அது இடது பக்கம் திரும்புமா வலது பக்கம் திரும்புமா என்பது உள்ளே கிடக்கிற சாளை மீனுக்குத்தான் வெளிச்சம். ஆகவே பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில், கடையில் வாங்கின விளக்கையும் இண்டிகேட்டரையும் தனியாக மாட்டிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். மாட்டின விளக்கு ஒரு மாதத்தில் செத்துப்போவதும் வழக்கம்தான். செத்தால் வேறொன்று மாட்டுவார்கள். ஏன் சாகிறது என்று கேட்க ஒரு ஆள் இருக்கவில்லை.

அப்படிக் கேட்டவள்தான் டெல்சி. வயது முப்பத்தாறு. குளச்சல் கடற்கரையில் பிறந்து அங்கேயே கிளீட்டஸுக்கு வாழ்க்கைப்பட்டவள். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நல்ல மார்க். மற்ற பாடங்களைப் பற்றி அவளிடம் கேட்காமலிருப்பது நமக்கு நல்லது. கல்யாணமான மூன்றாம் வருஷம், தொழிலுக்குப் போன இடத்தில் கிளீட்டஸின் வள்ளத்தில் விளக்கு அணைந்துபோய், பெரிய போட் ஒன்று மயிரிழையில் விலகிப்போனது. கரைக்கு வந்த கிளீட்டஸ், விளக்கு மாட்டினவனின் ஏழு தலைமுறையையும் வைதுகொண்டு நின்றான். டெல்சி அதையெல்லாம் கேட்டு நிற்கவில்லை. மணலில் ஏற்றிக்கிடந்த வள்ளத்துக்குள் ஏறி ஒயரைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். பொம்பளை வள்ளத்தில் ஏறுகிறாளே என்று மாமியார் நெஞ்சில் கை வைத்தாள். சாயங்காலம் விளக்கு எரிந்தபோது அந்தக் கை தானாகவே இறங்கிவிட்டது. மறு வருஷத்துக்குள் அந்தக் கரையில் பதினொரு வள்ளங்களுக்கு டெல்சிதான் ஒயரிங்.

ஆனால் வள்ள வேலை, வள்ளம் கரையில் கிடக்கும்போதுதான் வரும். மற்ற நாளெல்லாம் கை சும்மா இருக்கும். டெல்சிக்குக் கை சும்மா இருந்தால் வாய் நிற்காது, வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. வருஷம் முழுக்க வேலை வருகிற ஒரு இடம் வேண்டும், அங்கே தனக்கென்று ஒரு மேசை வேண்டும். இந்த ஒரே ஆசையோடு அவள் புதுக்கடையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரசலையனிடம் போய் நின்றாள்.

ரசலையன் கெட்டிக்காரர். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். ஒயரிங் மட்டும் அவருக்கு வேப்பங்காய். ஆனாலும் தன் ஒர்க்‌ஷாப்பில் தனக்குத் தெரியாத வேலை ஒன்று இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள மனசு வராது.

"இது வள்ளமில்ல பிள்ளே, வண்டி" என்றார்.

"கரண்டுக்கு அது தெரியாதுண்ணே" என்றாள் டெல்சி.

ஒர்க்‌ஷாப்பில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். ரசலையனுக்குச் சுருக்கென்றது. அங்கே அன்றைக்கு மீன்பெட்டி வண்டிகள் இரண்டு நின்றன: ஒன்று ஷிபுவுடையது, இன்னொன்று பிபினுடையது. இரண்டிலும் பின்விளக்கும் இண்டிகேட்டரும் செத்திருந்தன. ரசலையன் இரண்டையும் காட்டினார்.

"ஒரே கடையில வாங்கின ஒரே லைட்டு. பிபினுக்க வண்டிக்கு நான் மாட்டுயேன், ஷிபுவுக்க வண்டிக்கு நீ மாட்டு. ஆடி மழ கழியட்டு. ஒனக்க லைட்டு நிண்ணா இந்த மூல மேசை ஒனக்கு. நிக்கலேன்னா பேசாம வள்ளத்துக்கே போயிரணும், கேட்டியா?"

"கேட்டேன்" என்று டெல்சி அப்போதே பையைத் திறந்தாள்.

ஷிபு தன் வண்டிக்கு முன்னால் வந்து நின்றான். "எக்கா, எனக்க வண்டி வச்சா பந்தயம் கெட்டுதிய?" என்று கேட்டான். யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

ரசலையன் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். விளக்குக்குப் போகிற ஒயர் ஒன்று. கரண்டு திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்பே போதும். விளக்கின் கறுப்பு ஒயரைப் பெட்டிச் சட்டத்தில் ஒரு போல்ட்டுக்கு அடியில் வைத்து முறுக்கினார், டேப்பைச் சுற்றினார், கையைத் துடைத்தார். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இப்படித்தான்.

டெல்சி மத்தியானம்வரை குனிந்தே இருந்தாள். வள்ளம் பைபர், அதற்கு இரும்பு உடம்பு கிடையாது. அங்கே ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர் இழுத்தே ஆகவேண்டும். அவளுக்கு வேறு விதம் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. விளக்குகளின் கறுப்பு ஒயரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சீட்டுக்கு அடி வழியாகப் பேட்டரியின் மைனஸ்வரை நீளமாக இழுத்தாள். ஒவ்வொரு இணைப்பையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே ரப்பர் குழாய் ஏற்றி, கிரீஸும் தடவினாள்.

"ஊருக்கு லைன் இழுக்குதா போலிருக்கு" என்றார் ரசலையன். மறுபடியும் சிரிப்பு. டெல்சி தலைநிமிரவில்லை. ஆனால் காது சிவந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மீன்குழம்புச் சட்டியை அவள் இறக்கி வைத்த சத்தத்தில், என்ன நடந்தது என்று கிளீட்டஸ் கேட்கவே இல்லை.

மழை பிடித்தது. இரண்டாவது வாரம் பிபினின் விளக்கு மங்கியது. "பல்பு சரியில்ல" என்றார் ரசலையன். பல்பை மாற்றினார். மூன்றாவது வாரம் புதுப் பல்பும் கண் செருகியது. "மழ அப்பிடி" என்றார். ஷிபுவின் வண்டி மட்டும் டிக் டிக்கென்று கண்ணடித்துக்கொண்டு ஜங்ஷனைத் தாண்டியது. டெல்சி வாரத்துக்கு இரண்டு முறை புதுக்கடைக்கு ஏதாவது வேலை வைத்துக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போவாள். அந்த நாட்களில் அவள் நடந்த நடை குளச்சலில் எல்லாருக்கும் தெரிந்தது.

ஐந்தாவது வாரம் ஷிபுவின் விளக்கு செத்தது.

செய்தி கிடைத்ததும் டெல்சி மழையில் நனைந்தபடியே வந்து சேர்ந்தாள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. இண்டிகேட்டர் சுவிட்சைப் போட்டால் பின்னால் ஒரு மங்கின முனகல், அவ்வளவுதான். பிபினும் அங்கே இருந்தான். ரசலையன் ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மேசை போயிற்று, மானமும் போயிற்று. அழுகை வந்தது; பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

"சீட்ட தூக்கு" என்றாள் ஷிபுவிடம்.

ஷிபு தயங்கினான். அந்தத் தயக்கத்திலேயே டெல்சிக்கு ஒரு பொறி தட்டியது. அவளே சீட்டைத் தூக்கினாள். பேட்டரியில் அவள் வைத்த கறுப்பு ஒயரைக் காணவில்லை. பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். விளக்கிலிருந்து வந்த கறுப்பு ஒயர் ஒரு சாண் நீளத்தில் வெட்டப்பட்டு, பெட்டிச் சட்டத்தில் ஒரு போல்ட்டுக்கு அடியில் முறுக்கியிருந்தது. அந்தப் போல்ட்டின்மேல் ஐஸ் உருகின உப்புத்தண்ணீர் பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"ஏலே, எனக்க ஒயரு எங்கல?"

ஷிபு ஹேண்டில்பாரைக் காட்டினான். அங்கே புதிதாக ஒரு செல்போன் சார்ஜர். அதற்குப் போகிற கறுப்பு ஒயர் டெல்சியின் ஒயர்.

"எக்கா, சார்ஜருக்கு ஒயரு எட்டல்ல. அது நீளத்துக்கு சும்மா கெடந்துது. எல்லாரும் சட்டத்துலதானே வைக்கியானுவ, நானும் அப்பிடியே வச்சேன். ஒரு வாரம் நல்லா எரிஞ்சுதுக்கா" என்றான்.

இன்னொருத்தியாக இருந்தால் அவனைப் பிடித்து உலுக்கியிருப்பாள். டெல்சிக்குச் சிரிப்பு பொங்கியது. அவள் ஐந்து வாரமாகச் சொல்லத் தெரியாமல் தவித்ததை இந்த மடையன் செய்தே காட்டியிருக்கிறான்!

"அண்ணே, ஒருக்க எந்திச்சு வாங்க" என்றாள்.

ரசலையன் வந்தார். டெல்சி சார்ஜரைப் பிடுங்கித் தன் ஒயரை மீட்டாள். போல்ட்டைக் கழற்றினாள், துருவும் உப்புமாகப் பொரிந்து உதிர்ந்தது. வெட்டின முனையில் ஒயரைச் சேர்த்தாள்.

"ஷிபு, சுவிட்சப் போடு." ஒயரின் நுனியை அவள் பெட்டிச் சட்டத்தில் தொட்டாள். பின்னால் அதே மங்கின முனகல்.

"அண்ணே, அதே வண்டி, அதே பல்பு. பாத்துக்கிடுங்க." நுனியைப் பேட்டரியின் மைனஸில் வைத்தாள்.

இண்டிகேட்டர் பளீரென்று அடித்தது. அந்த மழை மூட்டத்தில் எதிர்ச்சுவர்வரை மஞ்சள் விழுந்து விழுந்து எழுந்தது. டிக், டிக், டிக். பிபின் "எம்மாடி" என்றான். ரசலையன் தன் கையாலேயே ஒயரை வாங்கிச் சட்டத்தில் வைத்துப் பார்த்தார். பேட்டரியில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் சட்டத்தில், மறுபடியும் பேட்டரியில். நல்ல மெக்கானிக்குக்குக் கண்முன் நிற்கிற உண்மையோடு சண்டை போடத் தெரியாது. அந்த மட்டில் அவர் நல்ல மெக்கானிக்.

"அப்பம் பெட்டிச் சட்டம்தான் கள்ளன்" என்றார் மெதுவாக.

"ஐஸ்தண்ணி ஒழுகிற எடத்துல இரும்ப நம்பப்பிடாதுண்ணே, துருவுக்குள்ள கரண்டு திரும்பி வராது. கடல்ல நாங்க இரும்ப நம்புயதே இல்ல."

டெல்சிக்கு முகமெல்லாம் சந்தோஷம். அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. ஷிபு ஒன்றும் புரியாமல் சார்ஜரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ரசலையன் போய் மூலை மேசைமேல் கிடந்த கார்புரேட்டர்களை இரண்டு கையாலும் வாரித் தரையில் இறக்கினார். பழைய துணியால் மேசையைத் துடைத்தார். பிறகு கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பிபினின் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். ஐந்து வாரம் முன்னால் தான் முறுக்கின போல்ட்டைக் கழற்றி, தான் வைத்த கறுப்பு ஒயரை வெட்டி இழுத்துக் கையில் பிடித்தபடி, இருபது வருஷமாக அந்த ஜங்ஷனில் யாரிடமும் எதையும் கேட்டறியாத மனுஷன் டெல்சியை நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு நீளம் வேணும், பிள்ளே?"