வராத சாவி

திருச்சி விமான நிலையத்தில் பையில் இருப்பதையெல்லாம் தட்டில் போடச் சொன்னபோதுதான், கார் சாவி என் பேன்ட் பையிலேயே இருப்பது தெரிந்தது. வண்டிக்கு இரண்டு சாவி. ஒன்று மனைவியிடம், இன்னொன்று என்னிடம். என்னை இறக்கிவிட்டு, அவள் தன் சாவியில் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். போன் போட்டேன். ஓரம் கட்டிவிட்டுப் பேசினாள்.

"ஐயையோ, என் சாவியக் குடுக்காம வந்துட்டேன்டி."

சிரித்தாள். "இருக்கட்டும், எடுத்துட்டுப் போங்க. அதக் குடுக்குறதுக்காவது திரும்பி வருவீங்கள்ல."

அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. அடுத்த லீவு முடிந்து கிளம்பும்போது, நான் மறந்தாலும் அவளே சாவியைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள்.

குவைத்தில் நான் ஒரு வீட்டு டிரைவர். ஊரான் வண்டியை ஓட்டுவதுதான் பிழைப்பு. என் சொந்த வண்டியை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய அந்த வெள்ளைக் காரை, மொத்தமாகச் சேர்த்தாலும் சில வாரங்கள்தான் ஓட்டியிருப்பேன். ஓட்டினதெல்லாம் அவள். கற்றுக்கொடுத்தது நான்தான். கிளட்ச்சை விடு என்றால் பிரேக்கை மிதிப்பாள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் ரோட்டில் நான் போட்ட சத்தத்துக்கு வயலில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "வண்டி ஓட்டக் கத்துக்குடுக்குறீங்களா, மாடு முடுக்குறீங்களா?" என்று கேட்டாள். அப்புறம் என்னைவிட நிதானமாக ஓட்டினாள். தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள்தான்.

மூன்றாவது லீவு வரவில்லை. முதலாளி படுத்த படுக்கையானார், நீ இப்போது போகாதே என்றார்கள். மாடு மாதிரி தலையாட்டினேன். அவர் இறந்த பிறகு மகன், ரம்ஜான் போகட்டும் என்றான். அதற்கும் தலையாட்டினேன். பாஸ்போர்ட் அவர்களிடம் மாட்டிக்கொண்டது என்று ஊரில் சொல்லிவைத்தேன். பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது நிஜம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்பதும் நிஜம். நான் கேட்கவில்லை. நான் இல்லாத நேரத்தில் வேறு ஒருவன் என் இடத்தில் உட்கார்ந்துவிடுவான் என்ற பயம். ஊரில் எனக்கு என்ன இருக்கிறது? குத்தகை நிலம், அதையும் அவள்தான் பார்க்கிறாள். எனக்கு இனி முதுகு வளைந்து சேற்றில் இறங்க வராது.

குறுவை அறுப்புக்கு வந்துடுறேன் என்பேன். குறுவை போய்ச் சம்பா வரும். "குறுவையும் ஆச்சு, சம்பாவும் ஆச்சு, நீங்க எந்தப் போகத்துக்குத்தாங்க வருவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அப்படியிருந்த ஒரு நாளில் அவள் தன் சாவியைத் தொலைத்தாள். வீட்டுச் சாவி மாதிரி நினைத்துக்கொண்டு இடுப்பில் செருகியிருக்கிறாள். கார் சாவிக்குத் தலை பெரிது, இடுப்பில் நிற்குமா? வாய்க்கால் கரையில் உடைப்பு எடுத்திருக்கிறது என்று மண்ணை வெட்டிப் போடக் குனிந்தபோது தண்ணீரில் விழுந்துவிட்டது. பக்கத்து வயலில் இருந்தவர்களும் இறங்கிக் காலால் சேற்றைத் துழாவியிருக்கிறார்கள். நண்டுதான் கடித்ததாம்.

டவுனிலிருந்து சாவி போடுகிறவரைக் கூட்டிவந்தாள். அவர் பூட்டைப் பார்த்தே ஒரு சாவி அராவிக்கொடுத்தார். கதவு திறந்தது. சாவி திரும்பியது. வண்டி ஒரு உறுமு உறுமிவிட்டு நின்றது. முன்னால் சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது.

போனில் சொன்னாள். "உள்ள உக்கார விடுது. ஆனா யாரு நீங்கறமாதிரி நிக்குது."

எனக்கு உடனே தலைக்கனம் ஏறிவிட்டது. டிரைவர் அல்லவா! "அடி மக்கு, சாவித் தலைக்குள்ள சிப்புன்னு ஒண்ணு இருக்கும். நெல்லு அளவுதான். அது பேசுனாத்தான் வண்டி கிளம்பும். வெறும் இரும்ப வெச்சு என்ன பண்ணுறது? தஞ்சாவூர்ல அதுக்குன்னு ஆளு இருக்காங்க, கூப்பிடு" என்றேன்.

தஞ்சாவூர்க்காரர் மறுநாள் பைக்கில் வந்தார். வண்டி என் பேரில் இருந்ததால் என்னிடம் பேசாமல் கைவைக்க மாட்டேன் என்றிருக்கிறார். வீடியோவில் கூப்பிட்டார்கள். அங்கே மதியம் திரும்பியிருந்தது. இங்கே நான் பள்ளிக்கூட வாசலில், முதலாளி வீட்டுப் பிள்ளைகளுக்காக வண்டியில் காத்துக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரைச் செருகி, கையில் இருந்த மெஷினைப் பார்த்துக்கொண்டே அவர் கேட்டார்.

"அண்ணே, வண்டி ரெண்டு சாவி காட்டுது. இன்னொன்னு எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு" என்று எடுத்து போனுக்கு முன்னால் ஆட்டிக் காட்டினேன். பெருமை வேறு.

"அதான் சிக்கல். இந்த வண்டியில புதுசு ஏத்தணும்னா பழசு பூராவையும் அழிக்கணும். இங்க கையில இருக்கிற சாவிதான் ஏறும். வராத சாவி அழிஞ்சிடும்."

"அப்புறம் என் சாவி?"

"கதவு திறக்கும்ணே. வண்டி கிளம்பாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவசரம் இல்லேன்னா, யாராவது ஊருக்கு வராங்களான்னு பாருங்க. அந்தச் சாவியும் வந்துட்டா ரெண்டையும் சேத்தே ஏத்திடுறேன்" என்றார்.

எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. பக்கத்துக் கட்டடத்தில் முத்துப்பேட்டை பாய் ஒருவர் வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். "ஆள் இருக்கு! வெள்ளிக்கிழமை குடுத்தனுப்புறேன், சனிக்கிழமை சாவி உன் கையில!" என்று கத்தினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"சாவியக் குடுத்தனுப்புறீங்களா?"

"ஆமா. ஏன்?"

போனைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். "அழிச்சிடுங்க தம்பி."

"அக்கா, ஒரு வாரந்தானே, அந்தச் சாவி வந்துட்டா..."

"அது வராது தம்பி. அழிச்சிடுங்க."

நான் என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைக் கொடுப்பதற்காவது வருவீங்கள்ல என்று சொன்னவளிடம், அதை இன்னொருத்தர் கையில் கொடுத்தனுப்புகிறேன் என்று கூவியிருக்கிறேன், அதுவும் சந்தோஷமாக. இரு, நானே எடுத்துக்கிட்டு வரேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. எத்தனையோ தடவை சொல்லிப் பொய்யான வார்த்தை. இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை.

"என்னண்ணே, அழிச்சிடலாமா? நீங்க சொல்லணும்."

"சரி" என்றேன்.

மெஷினில் எதையோ அழுத்தினார். இரண்டு தடவை பீப் அடித்தது. புதுச் சாவியைச் செருகினார், வண்டி கிளம்பிவிட்டது. அவள் அவருக்கு மோர் கொண்டுவரப் போனாள். பள்ளிக்கூட மணி அடித்து, பிள்ளைகள் ஓடிவந்து என் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த வருடம் லீவு கிடைத்தது. கேட்டேன், கொடுத்தார்கள். அவ்வளவுதான் விஷயம். எப்போதும்போலத் திருச்சிக்கு வண்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். "நான் ஓட்டுறேன்" என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து என் சாவியைச் செருகினேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஒரு நப்பாசை. வண்டி ஒரு உறுமு உறுமிவிட்டு நின்றது. அந்த விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. இன்னொரு தடவை திருப்பினேன். அவள் பக்கத்து சீட்டிலிருந்து தன் சாவியை நீட்டினாள்.

வல்லம் தாண்டியாயிற்று. பிறகு நான்தான், ஏதோ சாதாரண விஷயம்போல ஆரம்பித்தேன். "அந்தத் தஞ்சாவூர்க்காரரக் கூப்பிட்டு எனக்கும் ஒரு சாவி போட்டு ஏத்திடலாமா?"

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானம் பண்ணியிருப்பேன்.

"எதுக்குங்க? போறப்ப எடுத்துட்டுப் போறதுக்கா?"

திரும்பிப் போவதற்கான டிக்கெட் என் கைப்பையில் இருந்தது. அவளுக்கும் அது தெரியும். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.