யார் வீட்டு நாற்றம்

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் நாங்கள் காஜா பேராங் பகுதியில் ஒரு வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். முன்பாதியில் வீட்டுக்காரம்மா. எங்கள் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையிலிருந்து அப்படி ஒரு நாற்றம் வரும், சோறு தொண்டையில் இறங்காது.

"நாங்க சுத்த சைவம். நீ மீன் கழுவுற தண்ணிதான் நாறுது," என்று வீட்டுக்காரம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

பதினைந்து நாள் மீனே வாங்கவில்லை. கொதிக்கும் தண்ணீரில் சோடா மாவைக் கரைத்து ஊற்றினேன். எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தேன். நாற்றம் அசையவில்லை.

"வாடக வீடுலா, பொறுத்துப் போ," என்றார் என் கணவர்.

எனக்கு அது வராது. சனிக்கிழமை காலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டின் பின்னால் லோங்காங்கை மூடியிருந்த பலகையைப் புரட்டினேன். இரண்டு சமையலறைக் கழிவுநீரும் அந்தச் சாக்கடையில்தான் வந்து விழும். எங்கள் குழாயின் வாய் சுத்தமாக இருந்தது. அவர்கள் குழாயின் வாயில் இறால் தோல் அடைஅடையாக அழுகிக் கிடந்தது.

கையாலேயே வாரினேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தள்ளினேன். வாரியதைப் பழைய செய்தித்தாளில் பரப்பி, முன்வாசல் படியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"அக்கா, உங்க வீட்டு சைவம் வந்திருக்கு. எடுத்து வச்சிக்குங்க."

மத்தியானத்துக்குள் நாற்றம் போய்விட்டது. சாயங்காலம் கெம்போங் மீன் வாங்கிவந்து, ஜன்னலை அகலத் திறந்துவைத்துப் பொரித்தேன்.