மயிலுக்கு ஒரு கண்ணாடி

திண்டிவனத்தை ஒட்டிய எங்கள் ஊரில், ஒரே கிணற்றை நம்பியிருந்த ஏழு குடும்பங்கள் சேர்ந்து சோலார் மோட்டார் போட்டோம். ஆண்கள் கூடினால் சண்டையில்தான் முடியும் என்பதால், சங்கத்துக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். மோட்டார் ஓடாவிட்டால் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அதுதான் பதவி.

முதல் மாதம் தண்ணீர் நன்றாகவே வந்தது. பிறகு ஒருநாள் காலையில் பேனல் பக்கம் டக் டக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் ஓர் ஆண் மயில். பேனலின் கறுப்புக் கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தை இன்னொரு மயில் என்று நினைத்துக் கொத்திக்கொண்டிருந்தது. விரட்டினால் வேப்பமரத்தில் போய் உட்காரும். நான் வரப்பைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிடும். பத்தே நாளில் பேனல் முழுக்க எச்சம். தண்ணீர் பாதியாகக் குறைந்தது.

சங்கத்தைக் கூட்டினேன்.

"ரெண்டு வெடி போட்டா ஓடிப்பூடும்" என்றார் மேட்டுக் கொல்லைக்காரர்.

"முருகன் வாகனத்துக்கு வெடி வைப்பியா நீ?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் பள்ளத்துக் கொல்லைக்காரர். மயில் தேசியப் பறவை, மேலே கை வைத்தால் ஜெயில் என்று மூன்றாமவர் சொன்னதும் இருவருமே அடங்கிவிட்டார்கள்.

கடைசியில் பேனலைச் சாக்குப் போட்டு மூடுவது என்று முடிவானது. எல்லோரும் கை தூக்கினார்கள். நானும்தான் தூக்கினேன்.

இரண்டு நாள் கழித்து மேட்டுக் கொல்லைக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தியாம்மா, மயிலு எட்டிக்கூடப் பாக்கல."

"வெயில் படாம மோட்டாரும் ஓடலியேண்ணா. மல்லாட்டைச் செடியெல்லாம் வாடிக்கினு கெடக்குது."

"ஒன்னொன்னா பாக்கலாம்" என்றார்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மயிலுக்கு வேண்டியது சண்டை போட இன்னொரு மயில். அதை வேறு இடத்தில் கொடுத்துவிட்டால் என்ன? விடிந்ததும் எங்கள் பீரோவின் கண்ணாடிக் கதவைக் கழற்றச் சொன்னேன். வீட்டில் இருந்த ஒரே கண்ணாடி அது.

"நான் எதப் பாத்து ஷேவிங் பண்றது?" என்று என் கணவர் கேட்டார்.

"மொதல்ல பயிரப் பாருங்க."

இருவருமாகத் தூக்கிப்போய், தரிசில் இருந்த பனைமரத்தில் சாய்த்துக் கட்டினோம். சாக்கை எடுத்து, பேனலைக் கழுவிவிட்டோம். அரை மணி நேரத்தில் மயில் அங்கே இடம் மாறியது. சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடியதைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மயில் தோகை விரித்து ஆடுகிறது என்று பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கிருத்திகையன்று யாரோ கண்ணாடிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனார்கள். மஞ்சள் பூசிய கண்ணாடியில் மயிலுக்கு மயில் தெரியவில்லை. மறுநாளே பேனலுக்குத் திரும்பி வந்துவிட்டது.

மறுபடியும் கூட்டம். குங்குமத்தை அழிப்பது பாவம் என்றார் பள்ளத்துக் கொல்லைக்காரர். "அழிக்க வேணாங்க, அபிஷேகம் பண்ணிடலாம்" என்றேன். பிறகு ஒரு குடம் தண்ணீரை அவரே கொண்டுவந்து ஊற்றி, தன் துண்டாலேயே துடைத்தார்.

இப்போது ஆளுக்கு ஒரு நாள் கண்ணாடி அபிஷேகம் என்று சங்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. போன செவ்வாய் நான் குடத்தோடு போனபோது, என் கணவர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு பனைமரத்தடியில் நின்றிருந்தார். மயில் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"ஜல்தி, ஜல்தி. ஒரே பேஜாரா போச்சு ஒன்னோட" என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டேன்.