பொறுங்க அக்காவின் பின்னறை

வாளியை முதலில் மோந்து பார்க்கிறார் அக்கா. பிறகு அதில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு சுழற்று சுழற்றி, அந்தத் தண்ணீரையும் மோந்து பார்க்கிறார். புருவம் ஏறுகிறது. "பினாயில்" என்கிறார், தனக்குத்தானே. பிறகு முன்னறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்துகிறார்.

"ஏங்க, சிவப்பு டேப் ஒட்டின வாளியத் தொடாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது?"

முன்னறையில் தரை துடைக்கும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்கிறது. அதுதான் பதில்.

கடல் மீன் விற்கும் கடை. சாப்பிடுகிற மீன் அல்ல, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற வண்ண மீன். அக்காவுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் 'பொறுங்க அக்கா'. எந்த மீனைக் கேட்டாலும் முதலில் வரும் வார்த்தை அதுதான். நான் ஒரு ஜோடி கோமாளி மீன் கேட்டுப் பல வாரங்கள் ஆகின்றன. போகும்போதெல்லாம் பின்னறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். "பொறுங்க, இன்னும் ஒண்ணு வயிறு உள்வாங்கியிருக்கு" என்பார். இப்போதெல்லாம் மீனைவிட அவரைப் பார்க்கத்தான் போகிறேனோ என்று சந்தேகம்.

முன்னறையில் சுவர் நீளத்துக்கு ஒரு பெரிய தொட்டி. கல், மணல், பவளம், அவர் குஞ்சிலிருந்து வளர்த்த மீன்கள். விற்பனைத் தொட்டிகளும் அதே தண்ணீரில்தான் ஓடுகின்றன, பெரிய தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகட்டிப் பெட்டி வழியாக. பின்னறையில் இருப்பது ஒரே தொட்டி, மொட்டையாக. மணல் இல்லை, கல் இல்லை. மீன் ஒளிந்துகொள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், ஒரு ஹீட்டர், காற்றுக் குழாய் செருகிய ஸ்பாஞ்சு ஒன்று. புதிதாக வரும் எந்த மீனும் இதில் இருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் முன்னறைக்குப் போகும். ஊரில் மற்றவர்கள் குவாரண்டைன் டேங்க் என்கிறார்கள். அக்காவுக்கு இது 'ஆஸ்பத்திரி'.

காலையில் முன்னறை வேலையை முடித்துவிட்டுத்தான் இங்கே வருவார். இங்கே கை நனைத்துவிட்டால் அன்று முன்னறைத் தொட்டிகளைத் தொடமாட்டார். வாடிக்கையாளர் கூப்பிட்டால் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு தலையை மட்டும் நீட்டுவார். சோப்பு மீனுக்கு ஆகாது, அதனால் சோப்பு போட்டுக் கை கழுவுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. ஒருமுறை நான் பெருமையாக, "இப்பத்தான் கை கழுவிட்டு வந்தேன்" என்றேன். "எதுல?" என்றார். சொன்னேன். "அப்ப கையைப் பின்னால கட்டிக்கிட்டு நில்லுங்க" என்றார்.

தொட்டியின் கண்ணாடியில் ஒரு டேப் கோடு. தண்ணீர் அதற்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர் ஊற்றிச் சமன் செய்வார். கடல் மீனுக்கு ஏன் உப்பில்லாத தண்ணீர் என்று கேட்டேன். "தண்ணிதானே ஆவியாகுது? உப்பு எங்க போவும், அங்கயேதான் குந்தியிருக்கும். மேல மேல உப்புத் தண்ணி ஊத்தினா மீனு ஊறுகா ஆயிரும்." உப்பை அளக்கும் சின்னக் குழலைக் கண்ணில் வைத்து ஜன்னலை நோக்கித் திரும்பும்போது பேச்சை நிறுத்திவிடுவார். பாதி வாக்கியம் அப்படியே நிற்கும். அளந்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அம்மோனியாவுக்குத் தனிச் சோதனை. கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் மருந்துச் சொட்டுகள், ஒரு குலுக்கு, பிறகு காத்திருப்பு. மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சை ஏறினால் மீன் தன் கழிவிலேயே மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். டியூப் லைட்டில் பார்க்கவே மாட்டார். "அந்த வெளிச்சம் எல்லாத்தையும் நல்லதாக் காட்டும், மாப்பிள்ளை போட்டோ மாதிரி."

அவர் கணவர் பெரிய மருத்துவமனை ஒன்றில் துப்புரவு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். உட்காரமாட்டார். தரை, அலமாரி, கதவுப் பிடி, எதுவும் அவர் துணிக்குத் தப்பாது. "வேலைய விட்டு வந்தாரு, துணிய விடலை" என்பார் அக்கா. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அந்தச் சமயம் ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு ஏஞ்சல் மீன். நீல உடம்பில் மஞ்சள் கோடுகள், கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, உள்ளங்கையைவிடப் பெரியது. ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் வெகுகாலம் இருந்த மீன். கிளினிக்கை மூடிவிட்டு மகள் வீட்டோடு போகிறவர் அதை அக்காவிடம் கொடுத்து, "வித்துராதம்மா, பெரிய தொட்டில வச்சுக்க" என்று கேட்டிருக்கிறார். அக்காவும் சரி என்று சொல்லிவிட்டார். வந்த சில நாளில் அதன் துடுப்புகளில் உப்புத் தூள் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். தொற்று நோய். செம்பு மருந்து போட்டுப் பின்னறையிலேயே வைத்திருந்தார்.

ஒரு காலை நான் போனபோது அந்த மீன் மேல்மட்டத்தில், காற்றுக் குமிழிகளுக்குப் பக்கத்தில் நின்றது. செவுள்கள் படபடவென்று அடித்தன. அக்கா குப்பியைக் குலுக்கிவிட்டு ஜன்னலுக்குப் போனார். மஞ்சள் இல்லை. இலைப் பச்சை. திரும்பித் தொட்டியைப் பார்த்தார். காற்றுக் குழாயில் செருகியிருந்த ஸ்பாஞ்சு, கடையில் அன்றுதான் வாங்கினதுபோல் பளிச்சென்று இருந்தது.

"ஏங்க."

சூப்பர்வைசர் வாசலில் வந்து நின்றார்.

"யாரு இதக் கழுவினது?"

"நாந்தான். நேத்து நீ பேங்க் போயிருந்தப்ப. என்னா அழுக்கு! குழாயில புடிச்சு, புழிஞ்சு புழிஞ்சு..." கை அசைத்துக் காட்டினார். முகத்தில் திருப்தி.

"அது அழுக்கு இல்லீங்க. மீனு கழிக்கிறத எல்லாம் அதுல இருந்த கிருமிதான் தின்னுக்கிட்டு இருந்துச்சு. குழாத்தண்ணி குளோரின்ல அத்தனையும் போச்சு."

"கிருமியவா வளக்குற?"

"ஆமா."

"நான் சர்வீஸ் பூரா கொன்னத?"

"நீங்க கொன்னது வேற கிருமிங்க." அக்காவின் குரல் உயரவில்லை. "பெரிய தொட்டிக்கு அடியில ஒரு மாத்து ஸ்பாஞ்சு ஊறப் போட்டிருந்தேன். நல்லவேளை..."

கணவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"அது இதவிட மோசமா இருந்துச்சு" என்றார் சூப்பர்வைசர் மெதுவாக. "மாடியில காயுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. மீனைப் பார்த்ததும் அடங்கியது.

முன்னறைக் கல்லிலும் அந்தக் கிருமி இருக்குமே, அதை எடுத்துப் போடலாமே என்றேன். கல் மருந்தைக் குடித்துவிடும், நோயும் போகாது, கல்லும் கெடும் என்றார் அக்கா. சூப்பர்வைசர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். "அம்மோனியாவை முறிக்கும்னு போட்டிருக்கே?" செம்பு மருந்தோடு அது சேர்ந்தால் மருந்தே விஷமாகிவிடும் என்றார் அக்கா.

"அப்ப பெரிய தொட்டியில விட்டுரு. அங்க தண்ணி நல்லாத்தானே இருக்கு? கண்ணு முன்னால சாகுது பாரு."

"அங்க இருக்கிறதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

அக்காவின் கைபேசி ஒலித்தது. பல் டாக்டர். திரையைப் பார்த்தார், ஒலித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்தார். பிறகு கணவரிடம் சொன்னார்: "இனிமே இந்த வாசல் நிலை தாண்டி உள்ள வராதீங்க."

மூலையில் எப்போதும் ஒரு டிரம் உப்புத் தண்ணீர் கலந்து, மோட்டார் சுழல, தயாராக இருக்கும். அதன் சூட்டையும் உப்பையும் தொட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மருந்தையும் அளந்து கலந்தார். தொட்டியில் பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, புதியதை மெல்லிய குழாய் வழியாக, மீன் அதிராமல், நிதானமாக விட்டார். வேறு வழியில்லை. புதிய ஸ்பாஞ்சு ஒன்று பெரிய தொட்டியின் அடியில் ஊறிப் பழகும்வரை காலையும் மாலையும் இதே வேலை. மீன் தாக்குப்பிடிக்குமா என்று கேட்டேன். அவர் வழக்கமாகச் சொல்லும் வார்த்தையை அன்று சொல்லவில்லை.

அடுத்தடுத்துப் போனபோது டிரம்களை நிரப்பி நிலைவரை உருட்டி வருவது சூப்பர்வைசர் என்று கண்டேன். உப்பை அவரே எடைபோட்டுக் கலக்கிறார். வெப்பமானியை வெளிச்சத்தில் பிடித்துக் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்க்கிறார். நிலைக்கு அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. டிரம்மின் கைப்பிடியை மட்டும் உள்பக்கம் திருப்பி வைக்கிறார், அக்கா பிடித்து இழுத்துக்கொள்கிறார். பேச்சு குறைவு. தினமும் ஒரு கேள்வி மட்டும் நிச்சயம். பெரிய தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து கேட்பார்:

"அழுக்காச்சா?"

"இல்ல."

"லேசாப் பழுப்பு தட்டுற மாதிரி இருந்துச்சு."

"அது உங்க ஆசை."

துணியை இரண்டாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அந்த ஒரு மூலையை மட்டும் அவர் துடைக்கவில்லை.

மீன் மெலிந்தது. குழாய்த் துண்டுக்குள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. போட்ட தீனியை அக்காவே மறுபடி அள்ளி எடுத்தார், விட்டுவைத்தால் அதுவும் அழுகி விஷமாகும். டாக்டர் மறுபடி அழைத்தபோது எடுத்துப் பேசினார். "உசிரோட இருக்கு சார். நல்லா இல்ல."

ஸ்பாஞ்சு ஒருவழியாகப் பழுத்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. அப்புறமும் அக்கா நம்பவில்லை. தண்ணீர் மாற்றுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், நாள்தோறும் குப்பியைக் குலுக்கினார். கடைசியாக நான் போன காலை, தண்ணீர் மாற்றாமலே சோதித்திருந்தார். ஜன்னலில் என்னிடம் காட்டினார். மஞ்சள்.

தொட்டிக்கு எதிரே இருவர் உட்காரும் ஒரு சின்னப் பெஞ்சு. அதன் ஒரு முனையில் உட்கார்ந்து, நறுக்கிய இறால் துண்டு ஒன்றை இடுக்கியால் தண்ணீருக்குள் நீட்டினார். மறு முனையில் சோதனைக் குப்பிகள் அடுக்கிய மரப்பெட்டி. மீன் குழாய்க்குள்ளிருந்து பாதி வந்தது. நின்றது. பின்வாங்கியது. மறுபடி வந்து, வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது.

"தின்னுச்சா?" நிலைக்கு வெளியே சூப்பர்வைசர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியின் ஓரம்தான் தெரியும். "ஏம்மா, தின்னுச்சா?"

அக்கா திரும்பவில்லை. இடுக்கியைத் தண்ணீரிலேயே பிடித்தபடி, மற்றக் கையால் பெஞ்சின் மறு முனையிலிருந்த மரப்பெட்டியை எடுத்துத் தரையில் வைத்தார்.