சீழ் வைக்காத காயம்

என் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எப்போதும் குறைவு. அடிக்கடி வாய்ப்புண்ணும் காய்ச்சலும் வந்ததால், மானிப்பாயில் ஒரு பெண் டாக்டர் என் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்.

"கிருமியோடை சண்டை பிடிக்கிற அணுக்கள் உமக்குக் காணாது. சின்னக் காயமெண்டாலும் உடனை வாரும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

போன வருடம் நீர்வேலியில் எங்கள் வீட்டு வேலி அடைக்கும்போது பனைமட்டையின் அரம்போன்ற கருக்கு என் சுண்டுவிரலைக் கீறியது. மூன்றாம் நாள் விரல் வலித்தது. கொஞ்சம் வீங்கியும் இருந்தது.

"வண்டி பூட்டட்டோ?" என்று கணவர் கேட்டார்.

"வேண்டாமப்பா. சீழ் வைக்கேல்லைத்தானே, மாறிவிடும்" என்றேன். மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு சமைக்கப் போனேன்.

மறுநாள் மத்தியானம் உடம்பு நடுங்கத் தொடங்கியது. கையைத் திருப்பிப் பார்த்தால் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு. வண்டியில் போகும் வழியெல்லாம் அந்தக் கோடு மேலே ஏறுகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தையை மச்சாளிடம் கொடுத்தபோது அதன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று நினைத்து, வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

"சீழ் வைக்கேல்லை எண்டுதான் வரேல்லை" என்று மானிப்பாயில் அதே டாக்டரிடம் சொன்னேன்.

"சீழ் வைக்கிறதுக்கும் அந்த அணுக்கள் வேணும், பிள்ளை. உமக்குச் சீழ் வராது" என்றார்.

விரலில் பாதியை எடுத்தார்கள். பதினெட்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

இப்போது சிறு கீறல் பட்டாலும் கொதித்தாறிய தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே புறப்படுகிறேன். "உதுக்கும் ஆஸ்பத்திரியோ?" என்று சிலர் சிரிக்கிறார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுகிறேன்.