செல்வம் மாமாவுக்காக விட்ட ஏழு மாதம்

வேலை முடிந்து வந்த என் கணவர் என்னைத் தாண்டிப் போனபோது புதினா மிட்டாய் மணத்தது. அதற்கடியில் சிகரெட் வாடை. ஆதம்பாக்கம் வீட்டில் அப்பா இதே வாடையோடுதான் செருப்பைக் கழற்றுவார்.

அப்பாவும் அவருடைய நண்பர் செல்வம் மாமாவும் தி.நகரில் ஒரே ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார்கள். கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் சேர்ந்து நின்றுதான் புகைப்பார்கள். அம்மா அழுது பார்த்தாள். டாக்டர் திட்டினார். "உட்டுடறேன், உட்டுடறேன்" என்று அப்பா சிரிப்பார்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் முடிந்து ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் ஓட்டை, வாயைத் திறந்தால் குரலே வரவில்லை. என் கணக்கு நோட்டை வாங்கி, "நீயாவது உட்டுடு நைனா" என்று எழுதி அப்பாவிடம் நீட்டினார்.

அன்றே அப்பா விட்டார். ஏழு மாதம் தொடவில்லை. அவர் சட்டையில் சோப்பு மணம் மட்டும் இருந்த அந்த நாட்களில் நான் அவரை ஒட்டியே உட்கார்ந்திருப்பேன்.

பிறகு மாமா இறந்துபோனார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அப்பாவிடம் பழைய வாடை அடித்தது.

"இன்னா இது?" என்று அம்மா கத்தினாள்.

"அவன் மூஞ்சில முழிக்கணுமேன்னுதான் உட்டுருந்தேன். இனிமே யார் மூஞ்சில முழிக்கணும்?" என்றார் அப்பா.

எதிரில் அம்மாவும் நானும் நின்றுகொண்டிருந்தோம்.

நான்கு வருடத்தில் அவரும் போனார்.

இன்று கணவரிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"ட்ரை பண்றேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.