கடல் வெளியே போயிருந்த அமாவாசை

தாத்தாவைக் கரைக்கப் போன அன்று கடலைக் காணவில்லை. லாரியிலிருந்து இறங்கியதும் அதை முதலில் சொன்னவள் நான்தான். “வாய மூடுடி,” என்றார் அம்மா. எனக்கு ஏழு வயது. உண்மையைச் சொன்னால் ஏன் வாயை மூட வேண்டும் என்று புரியாத வயது.

தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. கப்பலில் மலாய் நாட்டுக்கு வந்து, சித்தியவான் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவியே கிழவரானவர். சாகக் கிடக்கும்போது, “கடல்ல விட்டுருப்பா, நான் போய்க்குவேன்,” என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாராம். எங்கே போவார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாம்பல் கலயத்தை வீட்டுக்குள் வைக்கக்கூடாதென்று கோயில் அரசமரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பண்டாரம் பஞ்சாங்கத்தைப் புரட்டி அமாவாசை நாளைக் குறித்துக் கொடுத்தார். சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு இராகு காலம் பிறப்பதற்குள் கரைத்துவிட வேண்டும். எல்லாம் பார்த்தார்கள், கடலைத் தவிர.

சொந்தபந்தங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு எஸ்டேட் லாரி ஓட்டியது அம்மாவின் தம்பி, என் மாமா. “லுமுட்டு பீச்சு வரைக்கும் எதுக்கு மச்சான், மீன் வாங்கப் போற எடம் எனக்குத் தெரியும்லா,” என்று குறுக்குப் பாதையில் கொண்டுவந்து நிறுத்தியதும் அவர்தான். பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல் நிறச் சேறு. வேர்களை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் மரங்கள். சேற்றின் மேல் துடுப்பை ஊன்றி ஊன்றி நடக்கும் மீன்கள்! மீன் நடக்கிறது, கடலைக் காணோம், பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“போன மாசம் வந்தப்போ இங்கதான் இருந்துச்சு மச்சான், சாமி சத்தியமா!” என்றார் மாமா.

“கடல் என்ன கோழியாடா, எங்கயாச்சும் மேயப் போறதுக்கு?” என்றார் அப்பா.

பிற்பாடு ஈப்போவில் படித்தபோது புவியியல் டீச்சர் பலகையில் வரைந்து காட்டினார். எங்கள் பக்கத்துக் கடல் ஆழமில்லாததாம். கண்டம் தண்ணீருக்கடியில் நீண்டு கிடக்கிற திட்டின் மேல் அது நிற்கிறதாம். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேறு கரையோரம் முழுக்கப் படிந்திருக்க, இறாலும் மீனும் குஞ்சாக வளர்வது அந்தச் சேற்றில்தானாம். அமாவாசையன்று தண்ணீர் ஏறுவதும் அதிகம், வற்றுவதும் அதிகம். அட கடவுளே, கடல் வெகுதூரம் போய்விடுகிற நாளாகப் பொறுக்கியெடுத்தல்லவா போயிருக்கிறோம்!

அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, மாலை சுற்றிய கலயத்தோடு சேற்றில் இறங்கினார். நாலடி வைப்பதற்குள் முழங்கால் வரை புதைந்துவிட்டது.

“ஏங்க, அங்கனயே வச்சிட்டு வாங்களேன். தண்ணி வந்தா எடுத்துட்டுப் போவும்,” என்றார் அம்மா.

“சேத்துல போடச் சொல்லியா அவரு கேட்டாரு? ஓடுற தண்ணியில விட்டாத்தான் போய்ச் சேருவாரு.” அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் ஒரு மலாய்க்கார அக்கா வந்தார். நீளப் பலகையில் ஒரு காலை மடித்து மண்டியிட்டு, மறு காலால் சேற்றை உந்தி வழுக்கிக்கொண்டே வந்தார். பலகையின் முன்னால் கூடை நிறையக் கெராங் சிப்பி. மாமா மலாயில் பேசிவிட்டுத் திரும்பினார். “மத்தியானந்தான் தண்ணி ஏறுமாம் மச்சான். தூரத்துல ஒரு வாய்க்கா இன்னும் ஓடுதாம். பலகையில படுத்துக்கிட்டா தள்ளிட்டுப் போறாங்களாம்லா.”

அப்பா குப்புறப் படுத்துக் கலயத்தை முன்னால் அணைத்துக்கொண்டார். அக்கா கூடையை இறக்கிவிட்டு உந்தினார். மாமா துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரும் புள்ளியாகித் தேய்ந்தபோது, அப்பாவையும் சேர்த்துக் கரைக்கப் போகிறார்கள் என்று ஓவென்று அழுதேன்.

திரும்பி வந்தது தலை முதல் கால் வரை சேறு பூசிய யாரோ ஒருவர். “போயிட்டாரு,” என்றார். பல்லைப் பார்த்துத்தான் அப்பா என்று தெரிந்துகொண்டேன்.

கரைத்தவர் தலை முழுகாமல் வீடு திரும்பக்கூடாது. வாய்க்காலில் முழங்காலளவுதான் ஓடியதாம், முழுகத் தண்ணீர் எங்கே? எல்லோரும் கடலுக்காகக் காத்திருந்தோம். வெயில் ஏறியதும் அது சத்தமில்லாமல் வந்தது. நடக்கிற மீன்களை மூடி, மரவேர்களை மூடி, எங்கள் காலடி வரை வந்து நின்றது. கூடவே தாத்தாவின் செவ்வந்தி மாலையும் மிதந்து வந்தது.

“அப்பா, தாத்தா திரும்பி வந்துட்டாரு!” என்று துள்ளிக் குதித்துக் கத்தினேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நல்ல செய்தி சொன்னவளுக்கு அடி!

“அடிக்காத,” என்றார் அப்பா. மாலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூன்று முறை முங்கி எழுந்து லாரியில் ஏறினார்.

லாரியின் பின்னால் உட்காரும் பலகையில் சொந்தக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. ஓடிப்போய் உட்காரப் பார்த்தேன். “அங்க வேணாம்மா, தள்ளி உக்காரு,” என்று அந்த இடத்தைத் துண்டால் துடைத்தார்.

செம்மண் பாதை முழுக்க மேடும் பள்ளமும். லாரி குலுங்கும்போதெல்லாம் அப்பா அந்தக் காலி இடத்துக்குக் குறுக்கே கையை நீட்டி அணைபோட்டுக்கொண்டே வந்தார். எனக்கு வந்ததே கோபம்! விழுகிற பிள்ளை நானிருக்க, வெறும் பலகைக்கு அணைபோடுகிறாரே இந்த மனுஷன் என்று, வீடு வரும்வரை அவரோடு நான் பேசவேயில்லை.